படகுத் தொழிலாளியின் பங்கு பயணச்சீட்டிலேயே இருக்கட்டும்

கடல் உலா முடிந்து கரையில் கால் வைக்கும் நேரத்தில், படகில் கூட்டிப்போனவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எவ்வளவு, யார் கையில் என்ற தயக்கம் வராத குடும்பம் குறைவு. மன்னார் வளைகுடாவில் இந்தத் தயக்கத்துக்கு இப்போது புதிய இடங்கள் பல உண்டாகியிருக்கின்றன. ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில் அடியில் கண்ணாடி பதித்த படகில் கடல் புல்லையும் பவளப்பாறையையும் காட்டுகிறார்கள். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் ஏற்பாட்டில் படகு போகிறது. வல்லத்தை ஒருநாள் வாடகைக்குப் பேசித் தூண்டில் போடப் போகும் நண்பர் கூட்டங்களும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரம், ஏரல், நாசரேத் என்று கடலுக்குச் சற்றுத் தள்ளி, வயலையும் பனையையும் பார்த்து வளர்ந்த நம் பக்கத்து மக்களும் இவற்றில் ஏறுகிறார்கள், கடலையே முதல்முறை பார்க்கும் வெளியூர்க்காரர்களும் ஏறுகிறார்கள். இவர்களுடைய தயக்கத்துக்குக் கருமித்தனம் காரணமில்லை. கொடுத்த கட்டணத்தில் படகோட்டியவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பதே காரணம். படகுத் தொழிலாளியின் வருமானத்தைப் பயணியின் மனம்போக்குக்கு விடக்கூடாது. அவருடைய பங்கு கட்டணத்துக்குள்ளேயே, சீட்டு கொடுக்கும் இடத்தில் எழுதிவைத்த கணக்காக இருக்க வேண்டும் என்பது என் வாதம். அந்தக் கணக்கு வரும்வரை, கொடுக்கும் கடமை பயணிக்கு உண்டு. வந்த பிறகு, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம்.

இந்தக் கரைக்கு இது புதிய யோசனை இல்லை. முத்துக்குளித்துறை என்று பேர்பெற்ற இங்கே குளியாளின் கூலி சிப்பியிலேயே அளக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் கடல் கடந்துபோய் இறங்கிய இலங்கையின் மரிச்சுக்கட்டி முகாமில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் நடந்த பங்கீட்டைப் பார்த்தால் அதன் நேர்த்தி விளங்கும். படகு கரை சேர்ந்ததும் சிப்பிகளை வேலியடைத்த கொட்டகைக்குள் சுமந்துபோய், குளியாட்களே மூன்று சமக் குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அரசின் ஆள் சுட்டுவார். மிஞ்சிய ஒன்று குளியாட்களுக்கு. பிரிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர் என்பதால் குவியலைக் கூட்டிக் குறைத்து யாரும் லாபம் பார்க்க முடியாது. கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் காத்திருக்கும் வியாபாரிகளிடம் தங்கள் சிப்பியை அங்கேயே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு பங்கிலிருந்து படகுக்குப் பிரிவு உண்டு, மேலே கயிறு பிடித்து நின்றவருக்குப் பிரிவு உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் படகுதோறும் சிப்பி உண்டு. பரதவரின் சாதித்தலைவருக்கும் தனி உரிமை இருந்தது. மூச்சடக்கிக் கீழே போனவருக்கு மூன்றில் ஒன்றும் கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டும் நியாயமான விகிதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவதற்கு முன்பே தனக்கு என்ன கிடைக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாகத் தரப்பட்ட மரியாதைச் சிப்பிக்குக்கூடக் கணக்கு இருந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. பங்கு என்ற ஏற்பாடு அதோடு முடியவில்லை.

இன்றைக்கும் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் தொழில் நடப்பது பங்கில்தான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதில் படகு உரிமையாளரான சம்மாட்டிக்கு ஒரு பகுதி, கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பகுதி. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். வீட்டுக் குழம்புக்கு எடுத்துப்போகும் மீன் தனி. பாடு, அதாவது பிடிபடும் மீன், நன்றாக இருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருக்கும், பாடு இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. இதில் முன்பணத்தில் சிக்கி வருடக்கணக்காக ஒரே சம்மாட்டியிடம் கட்டுண்டு கிடப்பவர்கள் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கேள்வி கேட்கும் இடம் அதில் இருக்கிறது: ஏலத்தில் மீன் என்ன விலைக்குப் போனது என்று படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதே படகு சுற்றுலாவுக்குத் திரும்பும்போது இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. பாடு என்று ஒன்று இல்லாத இடத்தில் பங்கும் காணாமல்போகிறது. வாடகையைப் பேசுபவர் உரிமையாளர், அல்லது கரையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர். எஞ்சினைப் பார்ப்பவருக்கும் நங்கூரம் இழுப்பவருக்கும் கிடைப்பது அன்றைய பேட்டா. ஒருநாள் வலை விரிக்காமல் போனதால் அவர் இழந்த பங்கும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் போன மீனும் அந்த வாடகைக்குள் இருக்கின்றனவா என்று பயணிக்குத் தெரியாது. பல சமயம் தொழிலாளிக்கே தெரியாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அந்த நாட்களுக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது. கரையில் சும்மா இருக்கும் கடலோடியும் கடல் பார்க்க வரும் கூட்டமும் ஒன்றுசேரும் அந்தக் காலத்தில் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வேலைக்கு ஆள் கிடைக்கும். குறைந்த பேட்டாவை ஈடுகட்ட, பயணி பார்த்துக்கொள்வார் என்ற வார்த்தை மட்டும் போதுமாகிவிடுகிறது. டிப்ஸ் இப்படித்தான் சம்பளத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது.

அப்படி உட்கார்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே தூண்டில் மீன்பிடிக்க வாடகைப் படகில் போகிறவர்கள் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை உதவியாளருக்குத் தனியாகக் கொடுப்பது எழுதாத சட்டம். தூண்டிலில் இரை கோப்பதும் மீனை அறுத்துத் தருவதும் படகைக் கழுவுவதும் அவர் வேலை. பல படகுகளில் அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி அந்த டிப்ஸ்தான். அந்த நாட்டின் மத்திய அரசுச் சட்டம், டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 2.13 டாலர் என்று வைத்திருக்கிறது. 1991இலிருந்து அந்த எண் நகரவில்லை. வாடிக்கையாளர் கொடுக்கிறார் என்று ஆனபின் முதலாளி கூட்டிக்கொடுக்க வேண்டிய நெருக்கடி குறைந்துபோகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நம் நாட்டிலும் டிப்ஸின் நிலை பலவீனமானது. 2016இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமானவரி வழக்கில், விருந்தினர் தரும் டிப்ஸ் முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வரிக் கணக்குக்கு அது சரியான தீர்ப்பு. வாழ்க்கைக் கணக்கில் அதன் பொருள் வேறு. சம்பளம் அல்லாத பணம் வருங்கால வைப்பு நிதியில் ஏறாது, காப்பீட்டுக் கணக்கில் சேராது. கடலில் கை முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடக்க நேர்ந்தால், போன வருடம் வந்த டிப்ஸ் எதற்கும் ஆதாரமாகாது.

இதற்கு இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. தூண்டில் வழிகாட்டிகள் என்று தென்னிந்தியாவில் ஒரு தலைமுறை பேர் எடுத்தவர்கள் காவிரிக்கரையில் இருந்தார்கள். 1970களின் பிற்பாதியில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் காவிரியின் பெரிய கெண்டை மீனைத் தேடி வந்தபோதும், பின்னர் கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களிலும், மீன் எந்தக் கசத்தில் கிடக்கும் என்று காட்டியவர்கள் சுற்றியுள்ள கிராமத்தார். வெடிவைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த சிலரே மீனைக் காக்கும் வழிகாட்டிகளாக மாறினார்கள். பிடித்த மீனை மறுபடி ஆற்றில் விடும் வழக்கம் அவர்கள் கையில்தான் நடந்தது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் தூண்டில் விளையாட்டுக்கு வன உயிரினச் சட்டத்தின்படி தடை வந்தபோது அந்த வேலை போய்விட்டது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு விருந்தினர் மகிழ்ந்து எவ்வளவு கொடுத்திருந்தாலும், வேலை நின்ற மறுநாளுக்கு அது எதையும் விட்டுவைக்காது.

டிப்ஸை நம்பிப் பிழைக்கும் படகில் ஆபத்தும் கூடுகிறது. இதுதான் என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, தனியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்பவரும், இவ்வளவு தூரம் வந்தாச்சு, தீவுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று விடுங்கள் என்று கேட்பவரும் கையில் பணத்தை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நாள் சம்பளம் நிச்சயமாக இருப்பவருக்கு முடியாது என்று சொல்வது எளிது. பயணியின் முகத்தைப் பார்த்து வருமானத்தை எதிர்பார்ப்பவருக்கு அது எளிதல்ல. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2017 பிப்ரவரி 26 அன்று நம் மணப்பாடு கடலிலேயே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயின. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகிலிருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்ட ஒன்று அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக் கவிழ்ந்ததில் 22 பேர் இறந்தார்கள். இந்த விபத்துகளுக்கு டிப்ஸ் காரணம் என்று நான் சொல்லவில்லை. உரிமம் இல்லாமை, உயிர்காப்பு உடுப்பு இல்லாமை, கண்காணிப்பு இல்லாமை எல்லாம் சேர்ந்தவை அவை. ஆனால் ஒரு தலை கூடினால் ஒரு வருமானம் கூடும் என்ற ஏற்பாட்டில் ஓடும் எந்தப் படகும் அந்தப் பக்கமே சாயும். தீவுக்குப் பக்கத்தில் விடச் சொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி என்று தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவையும் அதில் அடக்கம்.  அனுமதியில்லாமல் அங்கே படகை விடச் சொல்லி நீட்டப்படும் நோட்டு அன்பளிப்பு ஆகாது. பிடிபட்டால் வழக்கில் நிற்பது பயணி அல்ல, படகுக்காரர்.

கட்டணத்துக்குள்ளேயே கூலி அடங்கிய படகுகள் நம்மிடமே இருக்கின்றன. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு 1984இலிருந்து பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. சீட்டுக்கு விலை உண்டு, ஓட்டுபவருக்குச் சம்பளம் உண்டு. திரும்பி வந்து இறங்கும் பயணி யாருக்கு என்ன கொடுப்பது என்று யோசிப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் படகுகளை வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர் மக்களே நடத்துகிறார்கள், வரும் காசு ஊருக்குள் நிற்கிறது. ஒகேனக்கல் இன்னொரு விதமான பாடம். அங்கே பரிசலுக்கு நிர்வாகமே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது, ஆனாலும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்ற புகார் ஓய்வதில்லை. பரிசல் ஓட்டுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதில் பயனில்லை. அவர்கள் முறை வைத்துக் காத்திருந்து சவாரி எடுக்க வேண்டும். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, வருமானமும் அன்றோடு நின்றுவிடும். ஒரு சவாரிக்கு விலை வைத்த நிர்வாகம் சவாரி இல்லாத நாளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. கடலுக்கு இது இன்னும் பொருந்தும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் படகு இறங்காது. அதனால் சீட்டு விலையில் தொழிலாளியின் பங்கு என்று நான் சொல்வதில், ஓடும் நாளின் கூலியோடு ஓடாத நாளுக்கான பொதுநிதியும் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்தே இருக்க வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் சரக்கு ஏற்றிப்போகும் மாலத்தீவில், விடுதிகள் வசூலிக்கும் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. சுற்றுலாவால் வாழும் அந்தச் சிறிய நாடு விருந்தினரின் மனநிலைக்கு ஊழியரின் வயிற்றை விட்டுவிடவில்லை.

இதை மறுப்பவர்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. உணவகங்களில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அப்படியிருக்கப் படகில் மட்டும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். அந்த வழிகாட்டுதலின் கோபம், பட்டியலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு ரசீதில் இன்னொன்றைக் கூட்டுவதன் மீது. நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. விலை ஒன்றே, அது ஏறுவதற்கு முன்பே தெரிய வேண்டும். அந்த ஒரே விலை எங்கெங்கே பிரிகிறது என்பதும் தெரிய வேண்டும். கட்டணம் ஏறிவிடும், ஏழைக் குடும்பம் படகில் ஏற முடியாது என்பது இன்னொரு கவலை. கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் இன்றும் அந்தக் குடும்பம் இறங்கும்போது கூடுதலாகக் கொடுக்கிறது, அல்லது கொடுக்க முடியாமல் கூனிக்குறுகி நடக்கிறது. முன்கூட்டியே தெரிந்த விலை என்றால் குழந்தைக்குக் குறைத்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைத்து வைக்கலாம். டிப்ஸில் அப்படிச் சலுகை வைக்க வழியில்லை.

டிப்ஸ் இல்லையென்றால் கவனிப்பு குறையும் என்பது மூன்றாவது மறுப்பு. இதை நான் ஏற்கவில்லை. நீரோட்டம் திரும்புவதைத் தண்ணீரின் நிறத்தில் கண்டுபிடிப்பதும், கச்சான் காற்று எழும்புமுன் கரைக்குத் திருப்புவதும், கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் உச்சியையும் அடையாளம் வைத்துக் கடலடிப் பாறைத்திட்டான பார் இருக்கும் இடத்தைச் சொல்வதும் சிறுவயதிலிருந்து கடலில் கற்ற தொழில். நம்மைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் அதில் முதல் கவனிப்பு. அதை ஒழுங்காகச் செய்தாரா என்று மதிப்பெண் போட, கடல் தெரியாத நமக்குத் தகுதி கிடையாது. அலை அதிகம் என்று அரை மணி முன்னதாகவே திருப்பிய படகோட்டிக்குக் குறைவாகவும், பயத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு சுற்று விட்டவருக்கு அதிகமாகவும் கொடுப்பவர்களாகவே நாம் இருப்போம். படகும் ஓட்டுபவருடையதே என்றால் டிப்ஸ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அது சரியான கேள்வி. உரிமையாளரே ஓட்டினால் விலையை வைப்பவரும் அவரே, அவருக்குத் தனியாக எதுவும் தரவேண்டியதில்லை. அவரோடு வந்த உதவியாளுக்கு மட்டும் கணக்கு உண்டு.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வராது. அதுவரை பயணி என்ன செய்வது என்பதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. படகில் ஏறுமுன் வாடகை பேசும்போதே, இதில் படகில் வருபவர்களுக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அது அநாகரிகமான கேள்வி இல்லை. நாலு பேர் கேட்கத் தொடங்கினால் கரையில் பதில் தயாராகிவிடும். பங்கு இல்லை, பேட்டா மட்டும்தான் என்று தெரிந்தால், வாடகையில் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கிவையுங்கள். பெரிய கூட்டமாகப் போனாலோ, வெயிலில் நாள் முழுக்க வைத்திருந்தாலோ அதற்கு மேலும் தருவதே முறை. கரையில் இறங்கிய பிறகு, எல்லோர் எதிரிலும், இது உங்கள் எல்லோருக்கும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நன்றாகப் பேசி நம்மைச் சிரிக்கவைத்தவர் ஒருவராக இருப்பார், நங்கூரம் இழுத்துத் தண்ணீர் இறைத்தவர் பேசாத ஒருவராக இருப்பார். பணத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிரித்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆள் பிடித்துக் கொடுத்த தரகர் கையில் கொடுப்பது படகுக்குக் கொடுத்ததாகாது. பணத்துக்குப் பதிலாக மதுவைக் கொடுப்பது, அதுவும் கடலில் இருக்கும்போது கொடுப்பது, கூடவே கூடாது. ஏறும்போதே நோட்டைக் கொடுத்து நன்றாகக் காட்டுங்கள் அண்ணே என்று சொல்வதும் வேண்டாம்; அதில் விதி மீறச் சொல்லும் அழுத்தம் ஒளிந்திருக்கிறது. தூண்டிலில் விழுந்த மீனில் சாப்பிடத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படகுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் தொழிலுக்குப் போயிருந்தால் வீட்டுக்கு மீன் போயிருக்கும் நாள் அது.

இவ்வளவையும் பயணியின் நல்ல மனத்தின்மேல் ஏற்றிவைப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. சுற்றுலாத் துறையும் வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் படகு உலாவுக்கு அனுமதி தரும்போது, எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு உடுப்பு எத்தனை என்று நிபந்தனை போடுகின்றன. அதே அனுமதிச் சீட்டில் இன்னொரு வரியும் சேரட்டும்: கட்டணத்தில் படகுத் தொழிலாளர்களின் பங்கு இவ்வளவு, படகு ஓடாத நாளுக்கான நிதி இவ்வளவு. அந்த வரியை எழுதாத படகு உலாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் அனுமதி தரக்கூடாது. முத்துநகர் கடற்கரையிலும் மணப்பாட்டிலும் புதிய படகு உலாத் திட்டம் எதுவும் தொடங்குவதற்கு முன்பே, மீனவர் சங்கங்களை அழைத்துப் பேசி இதை முடிவு செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன்.